அரைப்படி நெல்லும் 2700 கலோரியும்

குறைந்தபட்சக் கூலியைப் பற்றி எங்கே பேசினாலும் ஒரு கேள்வி வந்து நிற்கும்: திறன் தேவைப்படாத வேலைக்கு எதற்கு இவ்வளவு கூலி? கேட்பவர் பெரும்பாலும் அந்த வேலையை ஒரு நாள்கூடச் செய்திராதவர். நாற்றைப் பறித்து முடி கட்டி, சேற்றில் குனிந்தபடி இடைவெளி பிசகாமல் நட்டுக்கொண்டே பின்னால் நகர்வது திறன் இல்லையாம். விஷவாயு இருக்கிறதா என்று மூக்கால் அறிந்து சாக்கடைக் குழிக்குள் இறங்குவதும் திறன் இல்லையாம். அரசாணைகளில் இந்த வேலைகளுக்கு நேரே இருப்பது 'திறன் அற்றவை' என்ற சொல். அந்தச் சொல் வேலையை அளந்து வைக்கப்பட்டதா, வேலை செய்கிறவரைப் பார்த்து வைக்கப்பட்டதா? தோழர்களே, கூலியின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணல் அம்பேத்கரைச் சட்டமேதை என்று கொண்டாடுகிறவர்கள், அவர் கூலிக்காகப் போராடியவர் என்பதை எளிதாக மறந்துவிடுகிறார்கள். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வதன் முறையை எதிர்த்து அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். மகர் சாதியினர் பரம்பரையாக ஊருக்கும் அரசாங்கத்துக்கும் ஊழியம் செய்ய வேண்டும். நேரம் காலம் கிடையாது. ஒருவர் இல்லாவிட்டால் வீட்டிலுள்ள இன்னொருவர் போக வேண்டும். பதிலுக்குத் துண்டு நிலமும், ஊரார் மனம்போல அளக்கும் தானியமும் கிடைக்கும். நம் பக்கத்தில் வெட்டி என்றும் ஊர்த்தொழில் என்றும் சொல்லப்பட்டது போன்றதுதான் இது. ஊழியத்துக்குப் படி அளப்பது வேறு, வேலைக்குக் கூலி கொடுப்பது வேறு. முன்னது தயவு. பின்னது கணக்கு, அதைக் கேட்டு வாங்கலாம்.

அதே அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதா மத்தியச் சட்டமன்றத்தில் அறிமுகமானது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் அது சட்டமாயிற்று. அதன் அட்டவணையின் இரண்டாம் பகுதியில் விவசாயமும் இருந்தது. ஆனால் விவசாயத்துக்குக் கூலி நிர்ணயிக்கும் காலக்கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப் போடப்பட்டது. ஆலைத் தொழிலாளியின் கூலிக்கு அவசரம் இருந்தது, வயல் தொழிலாளிக்கு இல்லை. இத்தனைக்கும் அரசமைப்பின் 43ஆவது பிரிவு வாழ்வூதியத்தைப் பற்றிச் சொல்லும்போது விவசாயத் தொழிலாளர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வாழ்வூதியம் என்றால் உயிரோடு இருக்கப் போதுமான கூலி அல்ல, மனிதராக வாழப் போதுமான கூலி. ஆனால் அது வழிகாட்டு நெறிகளில் வைக்கப்பட்டதால், கிடைக்கவில்லை என்று நேராக நீதிமன்றம் போக முடியாது.

1948இல் அமைக்கப்பட்ட நியாயக் கூலிக் குழு மூன்று படிகளைப் பிரித்தது: கீழே குறைந்தபட்சக் கூலி, நடுவில் நியாயக் கூலி, உச்சியில் வாழ்வூதியம். கீழ்ப்படியின் அளவை 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு முடிவு செய்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 2700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் விளக்கு முதலிய செலவுக்கு 20 விழுக்காடு. கலோரிக் கணக்கு குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை நடத்திய அய்க்ராய்டு என்ற விஞ்ஞானியுடையது. இதில் குடும்பம் என்பது மூன்று 'நுகர்வு அலகு'. ஆண் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6. காலையிலிருந்து வயலில் குனிந்து நட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உலை வைக்கிற பெண்ணுக்குப் பசி 0.8தான் என்று யார் கண்டது? இன்றுவரை தொழிற்சங்கங்கள் எடுத்துக்காட்டும் முற்போக்கான அளவுகோல் இதுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி கீழத்தஞ்சைக்கு வருவோம்.

காவிரிப் படுகையில் பண்ணையாள் என்பவர் பண்ணையோடு கட்டுண்டவர். அவர் வாங்கியது நெல். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, வாயில் சாணிப்பால். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய செங்கொடிச் சங்கம் இந்தக் கொடுமைகளை எதிர்த்து நின்று ஒப்பந்தங்களுக்கு வழி செய்தது. 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிராசுதார்கள் அதற்கும் வழி கண்டார்கள். பண்ணையாள் என்று வைத்திருந்தால்தானே பாதுகாப்பு? பலரை நீக்கிவிட்டுத் தினக்கூலியாக அழைத்துக்கொண்டார்கள். (இன்று நிரந்தரப் பணியாளரை ஒப்பந்தப் பணியாளராக மாற்றுகிறவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.)

1960களில் தஞ்சை வயல்களில் பணம் விளையத் தொடங்கியது. தீவிர விவசாயத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. உரம் வந்தது, ஏடிடீ 27 என்ற குறுவை நெல் வந்தது. இரண்டு போகம் பயிரிடும் பரப்பு கூடியது. நெல் விலையும் ஏறியது. விலை ஏறும்போது நெல்லாக வாங்கும் கூலிதான் தொழிலாளிக்குக் காப்பு, அதைச் சோறாக்கிவிடலாம். அதே நெல் மிராசுதாருக்குச் சந்தைப் பணம், ஒவ்வொரு படியும் இப்போது அதிகம் கனத்தது. வேலை கூடியிருக்கிறது, விளைச்சல் கூடியிருக்கிறது, கூலியில் அரைப்படி கூட்டிக் கொடு என்று சங்கம் கேட்டது. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்தில் சேருங்கள் என்றார்கள். கீழ்வெண்மணி இறக்க மறுத்தது.

1968 டிசம்பர் 25 இரவு சேரி கொளுத்தப்பட்டது. ஒரு சிறு குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்கள் அங்கேயே எரிந்தார்கள். 44 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவ்வளவு நிலமுள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தன் கையால் எந்த வேலையும் செய்யாத கௌரவமே குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களுக்குச் சாட்சியாயிற்று!

வெண்மணி கூலிப் பிரச்சினையா, சாதிப் பிரச்சினையா என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கிறார்கள். எனக்கு இந்த விவாதம் விளங்கியதே இல்லை. கூலி கேட்ட சங்கத்தில் பிற சாதிக் கூலிகளும் இருந்தார்கள். எரிந்தது சேரி. அரைப்படி நெல்லின் விலை மிராசுதாருக்குப் பெரிய தொகை அல்ல. கேட்டு வாங்குகிறவன் சேரிக்காரன் என்பதுதான் கட்டுப்படியாகவில்லை.

அரசு அமைத்த கணபதியா பிள்ளை விசாரணைக் குழுவுக்குப் பிறகு, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கீழத்தஞ்சைக்கு வந்தது. 44 உயிர் போன பிறகு, அதுவும் அந்த வட்டாரத்துக்கு.

'கட்டுப்படியாகாது' என்ற வாதத்துக்கு வருவோம். கூலியை உயர்த்தினால் தொழில் நசியும், வேலையே போய்விடும் என்கிறார்கள். உச்ச நீதிமன்றம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1957இல் கிரவுன் அலுமினியம் வழக்கில், அடிப்படைக் குறைந்தபட்சக் கூலியைக்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு இயங்கும் உரிமையே இல்லை என்றது. கேரள ஓட்டுத் தொழில் சம்பந்தமான உன்னிச்சோயி வழக்கில், குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது முதலாளியின் கொடுக்கும் சக்தியைப் பார்க்க வேண்டியதில்லை என்றது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் இன்னொரு படி மேலே போனது. பசியின் கட்டாயத்தால் ஒருவர் குறைந்தபட்சத்துக்கும் கீழான கூலிக்குச் சம்மதிக்கிறார் என்றால் அது 23ஆவது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு. அடுத்த ஆண்டே ராஜஸ்தான் வழக்கு வந்தது. வறட்சி நிவாரணமாகச் சாலை போட்ட தொழிலாளர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள். இது உதவி, கூலி அல்ல என்றது மாநில அரசு. நீதிமன்றம் ஏற்கவில்லை: சாலை கிடைத்திருக்கிறது, அதைப் போட்டவர்களுக்கு நீ பிச்சை போடவில்லை. வதன் தானியத்தைப் பற்றி 1928இல் எழுந்த அதே வழக்குதான் இது.

1991இல் ராப்டகாஸ் பிரெட் தீர்ப்பு பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காட்டைச் சேர்க்கச் சொன்னது. சேரிப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதும் கூலிக் கணக்கில் வர வேண்டும் என்பது இதன் பொருள்.

தீர்ப்புகள் இவ்வளவு தெளிவாக இருந்தும், 2009இல் மத்திய அரசு நூறு நாள் வேலையின் கூலியை மாநிலக் குறைந்தபட்சக் கூலியிலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தியது. 2017இல் தேசியத் தரைமட்டக் கூலி நாளுக்கு 176 ரூபாய். அதைத் திருத்த அமைத்த அனூப் சத்பதி குழு 2019இல் குறைந்தது 375 ரூபாய் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழு கலோரியை 2400ஆகக் குறைத்துப் போட்ட கணக்கு அது. அப்படியும் 375 வந்தது. அரசு அறிவித்தது 178. இரண்டு ரூபாய் உயர்வு.

உங்கள் கல்லூரியில் கழிப்பறை கழுவுகிற அம்மாவிடம் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். அரசாணையில் அவருடைய வேலைக்கு என்ன கூலி போட்டிருக்கிறது, ஒப்பந்தக்காரர் எவ்வளவுக்குக் கையெழுத்து வாங்குகிறார், கைக்கு எவ்வளவு வருகிறது, பி.எஃப். என்று பிடித்த பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா? நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு மனு எழுதும்போது அந்தத் தாள்தான் முதலில் தேவைப்படும்.