பிரேக்கும் பால்மரமும்: ஒரு சிறு வரலாறு



கடந்த பள்ளி விடுமுறையில் வீட்டு முற்றத்தில் ஒரு வேலையை எடுத்துச் செய்தேன். ரெம்பியாவில் எங்கள் வீட்டில் நிற்கும் பழைய லேண்ட் ரோவர் பிக்கப்பின் பிரேக்கை மாற்றியமைக்கும் வேலை அது. அப்பா ஒரு தோட்டத்தில் ஓட்டுநராக இருந்தவர். தோட்டம் கைமாறியபோது பழைய இரும்பு விலைக்குப் போக இருந்த அந்த வண்டியை அவரே வாங்கிக்கொண்டார். தமிழாசிரியனுக்கு இந்த வேலை எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். வேலையை முடித்தபின் எனக்குத் தெரியவந்தது, நான் கழற்றியது ஒரு வண்டியின் பிரேக்கை மட்டுமன்று. நம் மக்களின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியையும்தான். அதனை இங்கே பதிவு செய்கிறேன்.

ரப்பர் என்றவுடன் நாம் டயரையே நினைக்கிறோம். மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். மலாயாவின் ரப்பர் தோட்ட வரலாறு நம் மாநிலத்திலிருந்தே தொடங்குகிறது. அதன்பின் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளியில் பால் சுமந்தனர். அந்தப் பால் உலகின் சக்கரங்களை உருள வைத்தது என்று பள்ளிப் புத்தகங்களும் சொல்கின்றன. உருளுவதற்கு மட்டுந்தானா அது உதவியது?

தொடக்ககால வாகனங்களில் பிரேக் என்பது ஒரு கட்டையைச் சக்கரத்தின்மேல் அழுத்துவதே. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், மலைச் சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையுடன் பழைய பூட்ஸ் தோலையும் சேர்த்துப் பயன்படுத்துவதைக் கண்டார். தேய்ந்தாலும் பிடியை விடாத ஒரு பொருளைத் தேடி 1897-இல் அவர் தொடங்கிய தொழிலே பின்னாளில் ஃபெரோடோ என்னும் பெயர் பெற்றது. 1902-ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் பிரான்சின் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கினார். இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். டிரம் உடனே பரவியது. டிஸ்க் ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தது.

இவையெல்லாம் கம்பியாலும் நெம்புகோலாலும் இயங்கியவை. நான்கு சக்கரமும் ஒரே அளவில் பிடிக்கும்படி கம்பிகளைச் சரிசெய்வது பெரும்பாடு. அமெரிக்காவில் மால்கம் லாஹீட் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். கம்பிக்குப் பதிலாகக் குழாயில் திரவத்தை நிரப்பினார். மிதியை அழுத்தினால் அந்த அழுத்தம் திரவத்தின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் ஒன்றுபோலச் சென்று சேரும். 1921-இல் டூசன்பர்க் கார் இந்த முறையுடன் வெளிவந்தது.

ஆனால் ஒரு குறை இருந்தது. திரவம் கசியாமல் தடுக்கும் கிண்ணம் விலங்குத் தோலால் செய்யப்பட்டிருந்தது. தோல் சுருங்கியது, திரவம் ஒழுகியது. கிரைஸ்லர் கார் 1924-இல் வெளிவந்தபோது அதன் பொறியாளர்கள் அந்தத் தோலை நீக்கிவிட்டு ரப்பர் கிண்ணத்தை வைத்தனர். கசிவு நின்றது. திரவ பிரேக் உலகெங்கும் பரவுவதற்கு இந்தச் சிறு மாற்றம் பெரிதும் துணைபுரிந்தது. நம் நாட்டில் 'தமிழ் நேசன்' நாளிதழ் பிறந்ததும் அதே 1924-இல்தான்.

அக்காலத்துப் பிரேக் திரவம் எது தெரியுமா? ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. பாட்டிமார் மூக்கைப் பிடித்து நமக்குக் குடிக்கக் கொடுத்தார்களே, அதே விளக்கெண்ணெய். இதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல், டீசல், எஞ்சின் எண்ணெய் போன்ற மண்ணெண்ணெய் இனத்துப் பொருள்கள் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப் பெருத்துக் கொழகொழத்துப் போகும். ஆமணக்கு எண்ணெய் ரப்பரை அவ்வாறு கெடுப்பதில்லை. ஆக, ஒரு காலத்தில் காரோட்டியின் உயிர், தோட்டத்துப் பாலிலும் ஆமணக்கு விதையிலும் தங்கியிருந்தது. இன்று கிளைக்கால் வகைத் திரவமும் அதற்கேற்ற செயற்கை ரப்பரும் வந்துவிட்டன. என்றாலும் பிரேக்கில் எஞ்சின் எண்ணெயை ஊற்றக்கூடாது என்னும் விதி மட்டும் மாறவில்லை.

நிற்க.

இந்த விதியை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1979-ஆம் ஆண்டு. அப்பா அந்த லேண்ட் ரோவரில் பால் டின்களையும் நான்கு தொழிலாளர்களையும் ஏற்றிக்கொண்டு, மேட்டு டிவிஷனிலிருந்து செம்மண் சடக்கில் இறங்கி வந்தார். புறப்பட்டது முதலே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததாம், சக்கரம் சுட்டதாம். பாதிச் சரிவில் மிதி அடிவரை இறங்கிவிட்டது. அந்த வண்டியின் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிப்பது. வண்டியை நிறுத்தி வைக்கத்தான் அது உதவுமே தவிர ஓட்டத்தை நிறுத்துவதற்கன்று. அப்பா கியரைக் குறைத்து, வண்டியை மண்மேட்டின்மேல் திருப்பி மோதி நிறுத்தினார். ஓர் அம்மாவுக்குக் கை முறிந்தது. மற்றவர்கள் தப்பினர்.

அலுவலகக் குறிப்பில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதப்பட்டது. அப்பா ஓட்டுநர் வேலையை இழந்து மீண்டும் உளியைப் பிடித்தார். வண்டியைப் பிரித்தவரிடமிருந்து மாஸ்டர் பம்பின் ரப்பர் கிண்ணத்தைக் கேட்டு வாங்கி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். இருக்க வேண்டிய அளவைவிட ஊதி, விரலால் நசுக்கினால் கரையும்படி இருந்தது அது. பிரேக்கில் யாரோ எஞ்சின் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. அதைப் பார்க்கத்தான் யாரும் முன்வரவில்லை. கூலித் தமிழனின் காலைவிட ஒரு ரப்பர் கிண்ணத்தின்மேல் குற்றம் சுமத்துவது அன்று எளிதாக இல்லை.

லேண்ட் ரோவர் 1948-இல் அறிமுகமானது. மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். தோட்டத்துச் சேற்றுப் பாதைகளுக்கு ஏற்ற வண்டியாக அது விளங்கியது. இன்றும் கேமரன் மலையில் காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய லேண்ட் ரோவர்களைக் காணலாம். அந்த வரிசை வண்டிகளுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். 1983-இல் வந்த 110 மாடலிலேயே முன்சக்கரத்திற்கு டிஸ்க் வந்தது.

டிஸ்க் பிரேக்கின் கதையிலும் நமக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. அதனைக் காருக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்த நிறுவனங்களுள் முதன்மையானது டன்லப். 1953-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. மற்றவர்கள் வளைவுக்கு வெகுதூரம் முன்பே வேகத்தைக் குறைக்க, ஜாகுவார் ஓட்டுநர்கள் கடைசி நேரத்தில் பிரேக் பிடித்தனர். 1955-இல் சிட்ரோவன் டி.எஸ். காரில் டிஸ்க் பிரேக் பொதுமக்களிடம் வந்தது. அந்த டன்லப் யார்? மலாயாவில் பெரும் ரப்பர் தோட்டங்களை வைத்திருந்த அதே நிறுவனம். தோட்டத்துப் பால் ஈட்டித் தந்த நிறுவனத்தில் பிறந்த புதிய பிரேக், அத்தோட்டங்கள் நிறைந்த நாட்டின் வண்டிகளுக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின.

இனி என் வேலைக்கு வருகிறேன்.

எங்கள் வண்டி 88 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட குட்டை வகை. அதன் டிரம் 10 அங்குலம். ஒவ்வொரு முன்சக்கரத்திலும் இரண்டு பிரேக் ஷூக்கள் உண்டு. ஆனால் ஒன்றை மட்டுமே டிரம்மின் சுழற்சி தன்பால் இழுத்து இறுக்கும். மற்றது ஒப்புக்குத் தொடும். 109 அங்குல நீள வண்டிக்கோ 11 அங்குல டிரம். சக்கரத்திற்கு இரண்டு சிலிண்டர். இரண்டு ஷூக்களையும் சுழற்சியே இழுத்து இறுக்கும். அதே நிறுவனம் செய்த அந்தப் பெரிய பிரேக்கைக் குட்டை வண்டியின் முன்பக்கத்தில் பொருத்துவது, பலரும் கையாண்டு தேர்ந்த முறை. டிஸ்க் பொருத்தவும் தனிப் பாகங்கள் கிடைக்கின்றன. விலையையும் வண்டியின் பழைமையையும் எண்ணி நான் இதனைத் தேர்ந்தேன். இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு: பின்னோக்கி உருளும்போது பிடி குறையும். மேட்டில் பின்வாங்கும்போது இதை மறக்கக்கூடாது.

அதனுடன் இரட்டைப் பாதை மாஸ்டர் பம்பையும் மாற்றினேன். பழைய பம்பில் ஒரே பாதை. ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரமும் பிடியை இழக்கும். இரட்டைப் பாதையில் ஒன்று போனாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். அமெரிக்கா 1968-இலிருந்து கார்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. 1979-இல் அந்தச் சரிவில் இத்தகைய பம்பு இருந்திருந்தாலும் தவறான எண்ணெய் இரண்டு பாதைகளையும் கெடுத்திருக்கலாம். எனவே எந்தக் கருவியும் கவனத்துக்கு மாற்றாகாது.

என் முன்னாள் மாணவர் ஒருவர் இப்போது மெக்கானிக்காக இருக்கிறார். அவர் துணையின்றி நான் இதில் கைவைத்திருக்க மாட்டேன். அவர் எனக்கு ஆசிரியரானார். வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்தோம். ஜாக்கை மட்டும் நம்பாமல் இரும்புத் தாங்கிகளையும் வைத்தோம். டிரம்மைக் கழற்றியதும் நான் வாயால் ஊதப் போனேன். அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"ஊதாதீங்க சார். பழைய லைனிங்ல அஸ்பெஸ்டாஸ் இருக்கும்."

உண்மைதான். 1908 முதல் பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் சேர்க்கப்பட்டது. அது நுரையீரலை அரிக்கும் நஞ்சு என்பது பிறகு உறுதியானது. பிரிட்டன் 1999-இல் அதனைத் தடைசெய்தது. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். பழைய குழாய்களையும் ரப்பர் ஹோஸ்களையும் புதிதாக மாற்றினோம். திரவத்துக்கு டாட் 4 வகையைப் பயன்படுத்தினோம். புதிய நிலையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஆனால் இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் ஏறிய பின் அந்த அளவு 155 பாகைவரை இறங்கக்கூடும். திரவம் கொதித்து ஆவியானால் மிதியில் அழுத்தம் ஏறாது. நம்மைப்போன்ற ஈரப்பதமான நாட்டில் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நலம்.

இறுதியாகக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இருவர் தேவை. ஒருவர் உள்ளே அமர்ந்து மிதியை அழுத்த, மற்றவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூடவேண்டும். நான் கீழே போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, யாரும் கேட்காமலேயே எழுந்து வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார்.

"மிதிங்க ஐயா... அப்படியே புடிங்க... ம், விடுங்க."

"சொல்லு தம்பி, நான் புடிச்சிக்கிறேன்."

தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக முடித்தோம். குமிழிகள் நின்று தெளிந்த திரவம் வந்தது. கடைசியாக அப்பா ஒருமுறை மிதித்தார். மிதி பாதியிலேயே கல்போல நின்றது. அவர் காலை எடுக்காமல் சிறிது நேரம் அப்படியே இருந்தார். பிறகு சொன்னார்:

"நிக்குது."

வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் முற்றத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். பின்பு பட்டறையில் உருளைப் பொறியில் வைத்து இருபுறப் பிடியும் சமமா என்று அளந்துகொண்டோம். வீட்டில் இவ்வேலையைச் செய்ய நினைப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். தெரிந்த மெக்கானிக் ஒருவர் உடனிருக்கட்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவதாயின் ஜேபிஜே விதிகளை முன்கூட்டியே கேட்டறிவதும் கடமை.

பிஸ்கட் டின் இப்போது என் வகுப்பறை அலமாரியில் இருக்கிறது. அதிலிருந்த ரப்பர் கிண்ணம் இறுகி வெடித்துவிட்டது. ரெம்பியாவைச் சுற்றி இருந்த பால்மரங்களில் பல செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. மாணவர்களுக்குத் தோட்ட வரலாறு நடத்தும்போது அந்தக் கிண்ணத்தைக் கையில் கொடுப்பேன். இது எதிலிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது, ஏன் கெட்டது, யார்மேல் பழி விழுந்தது என்று கேட்பேன். நான்கு கேள்விக்கும் விடை தெரிந்த மாணவன் தன் தாத்தாவைப் பற்றியும் கேட்கத் தொடங்குவான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கக்கூடும். திறந்து பாருங்கள். அதன் கதை தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.