சந்தேகத்தின் பலன்

திருவனந்தபுரத்தில் கரமனையிலிருந்து பூஜப்புரை வழியாகப் போனால் பாங்கோடு ராணுவ முகாம் அதிக தூரமில்லை. 'மிலிட்டரிக்காரர்' என்று அடையாளம் சொல்லப்படுகிற ஒருவர் இந்தப் பக்கத்துத் தெருக்களில், தமிழ் வீடோ மலையாள வீடோ, அபூர்வமல்ல. காலை இழந்து திரும்பியவரிடம் யாரும் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டியதில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறவர் விஷயம் வேறு. அவருடைய காயம் பட்டாளத்தில் பட்டதுதான் என்பதற்கு என்ன சான்று? இந்தக் கேள்வியோடு அரசாங்கங்கள் நூறு வருஷமாக மல்லுக்கட்டியதில் பிறந்ததுதான் மனக்காயத்துக்கான பென்ஷன்.

1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற ராணுவ மருத்துவர் 'லான்செட்' இதழில் 'ஷெல் ஷாக்' பற்றி எழுதினார். பீரங்கிக் குண்டு வெடித்த அதிர்ச்சியில் பார்வையும் ஞாபகமும் கெட்ட சிப்பாய்களைப் பற்றிய கட்டுரை அது. குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் அதே நடுக்கம் வந்தபோது மருத்துவர்கள் குழம்பினார்கள். கருவூலம் அதைவிட அதிகம் குழம்பியது. போர் முடிந்து மூன்று வருஷமான பிறகும் பிரிட்டனில் ஏறக்குறைய 65,000 பேர் நரம்புத் தளர்ச்சி என்ற கணக்கில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் செலவை அடுத்த போர் வரை யாரும் மறக்கவில்லை. 1939இல், இரண்டாம் உலகப்போர் தொடங்கும் முன்பே, போர் நடக்கும் காலத்தில் மனநோய்க்குப் பென்ஷன் வேண்டாம் என்று மருத்துவர்களும் அதிகாரிகளும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். பணம் கிடைக்கும் என்று தெரிந்தால் நோய் குணமாகாது என்பது அவர்களுடைய வாதம். இன்றைக்கும் சில அலுவலகங்களில் அந்த முணுமுணுப்பு கேட்கத்தான் செய்கிறது.

திருப்பம் 1943இல் வந்தது. பட்டாளத்தில் சேர்க்கும்போது நல்ல உடம்பு என்று முத்திரை குத்தியது அரசுதானே, திரும்பி வரும்போது கெட்டிருந்தால் காரணத்தையும் அரசே சொல்லட்டும் என்ற குரல் பிரிட்டனில் வலுத்தது. அந்த வருஷம் விதிகள் மாறின. வீரர் நிரூபிக்க வேண்டாம், சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே. மேல்முறையீடு கேட்கத் தனித் தீர்ப்பாயச் சட்டமும் அப்போதே வந்தது.

நோயின் இன்றைய பெயர் இதற்கெல்லாம் வெகுகாலம் பிந்தியது. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களோடு உட்கார்ந்து பேசிய ஹைம் ஷாட்டன், ராபர்ட் லிஃப்டன் போன்ற மனநல மருத்துவர்கள் எழுபதுகளில் போராடியதன் விளைவாக, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு) இடம்பெற்றது. சம்பவம் நடந்து ஆறு மாதம் கழித்துக்கூட இது தலைகாட்டலாம் என்று அந்தக் கையேடே சொன்னது. உலகம் 1980ஐத்தான் கொண்டாடுகிறது. என் கணக்கில் இந்தப் பென்ஷனுக்குப் பிறந்த வருஷம் 1943. வியாதிக்கு எந்தப் பெயர் வைத்தாலும், நிரூபிக்கும் சுமை சிப்பாயின் தோளில் இருக்கிற வரை காசு வராது.

இந்தியாவில் 1982ஆம் வருஷ விதிகளில் 1943இன் சாயலை அப்படியே பார்க்கலாம். உரிமை கோருகிறவரை நிரூபிக்கச் சொல்லக் கூடாது. நியாயமான சந்தேகத்தின் பலன் அவருக்கு. களத்தில் பணியாற்றியவர் என்றால் இன்னும் தாராளமாக. 1990இல் இலங்கையிலிருந்து திரும்பிய அமைதிப்படையினர் காலத்தில் நடப்பிலிருந்தவை இந்த விதிகள்தான். காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு. மெடிக்கல் போர்டு தாளிலோ என்.ஏ.என்.ஏ. என்று நாலெழுத்து விழும். ராணுவப் பணியால் வந்ததுமில்லை, பணியால் கூடியதுமில்லை என்று பொருள். மனநோய் என்றால் பிறவிக்கூறு என்று ஒரு வரி சேரும். ஏன் என்பதற்கு விளக்கம் பெரும்பாலும் இராது. நீதிமன்றத்துக்கு வந்த வழக்குகளில் ஸ்கிசோஃப்ரினியா, மனச்சோர்வு, நியூரோசிஸ் என்ற பெயர்களே அதிகம் தென்படுகின்றன, பி.டி.எஸ்.டி. என்று எழுதப்பட்டது குறைவு.

"சேரும்போது நல்லாத்தானே சார் இருந்தேன்?" முன்னாள் வீரர்கள் கேட்கிற இந்த ஒற்றைக் கேள்வியைச் சட்டமாகவே படித்துக் காட்டியது 2013 ஜூலை 2ஆம் தேதி வந்த தரம்வீர் சிங் தீர்ப்பு. வலிப்பு நோயால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிப்பாயின் வழக்கு அது. சேர்க்கும் நேரத்தில் நோய்க்குறிப்பு எதுவும் பதிவாகவில்லை என்றால், உடம்பும் மனசும் நன்றாக இருந்தன என்றே கொள்ள வேண்டும். இல்லை என்றால் போர்டு காரணம் எழுத வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2025 மே மாதம் ஸ்கிசோஃப்ரினியாவால் வெளியேற்றப்பட்ட ஒரு சிப்பாய்க்கும் இதே வழியில் நியாயம் கிடைத்தது.

பணம் எவ்வளவு? நூறு சதவீத இயலாமைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது அடிப்படை. 20 சதவீதம் என்று போர்டு எழுதினால் 6 சதவீதம்தான் வர வேண்டும். ஆனால் 2001 ஜனவரி உத்தரவின்படி 50க்குக் கீழே உள்ளதை 50ஆக உயர்த்துவதால் அது 15 ஆகும். முழுக்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மறுத்தால், 2009இல் செயல்படத் தொடங்கிய ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. கரமனைக்காரர் கொச்சிக்குப் போவார். களியக்காவிளை தாண்டிய மார்த்தாண்டத்துக்காரருக்குச் சென்னை.

அந்த 1982 விதிகளை 2008இல் திருத்தி எழுதினார்கள். ஓய்வுபெற்று 15 ஆண்டு கழித்து வருகிற கோரிக்கைக்கு நிரூபிக்கும் பொறுப்பு மறுபடி வீரருடையது என்று அதில் ஒரு ஷரத்து ஏறியது. பிரிட்டனிலும் ஏழு ஆண்டு என்று இப்படி ஒரு கெடு உண்டு. தாமதமாகவும் வரும் என்று 1980லேயே எழுதிவைத்த நோய்க்கு இந்தக் கெடு பொருந்தவில்லை. 1999இல் கார்கில் மலையில் இருபத்திரண்டு வயதில் நின்ற ஒருவர் 2010இல் ஓய்வுபெற்றிருந்தால், அவருடைய 15 ஆண்டு 2025இல் முடிந்துவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் தூக்கம் கெட்டு டாக்டரிடம் போனால், சேரும்போது நன்றாக இருந்தேன் என்ற பேச்சு மட்டும் அவருக்குப் போதாது. எந்தப் பிக்கெட்டில், எந்த மாதத்தில், எந்த ராணுவ ஆஸ்பத்திரியில் என்று பழைய தாள்களைத் தேடிப்பிடித்து அவரேதான் அடுக்க வேண்டும்.