கணக்கும் கண்ணும்: சென்னை வானியலறிஞர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்

விண்மீன் ஆராய்ச்சி என்றவுடன் நம்மவர் நினைவில் முதலில் எழுவது, 1983ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரேயாம். அப்பேரறிஞர் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகட்கு முன்னரே மறைந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் மரபிலே தோன்றி, சென்னை அவதான நிலையத்தின் தொலைநோக்கியருகே தம் வாழ்நாளைக் கழித்த இவரை இன்று அறிந்தோர் மிகச் சிலரே.

நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் நிறுவப்பெற்றது அந்நிலையம். அங்கே பணியில் அமர்ந்த இரகுநாதாச்சாரியார் படிப்படியாக உயர்ந்து முதல் உதவியாளரானார். 1861ஆம் ஆண்டில் அரசாங்க வானியலறிஞராக வந்த நார்மன் பொக்சன், உடுக்களின் ஒளித்தரத்தை ஒழுங்குபடுத்தியவர். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்குமுள்ள ஒளி வேறுபாடு ஏறக்குறைய 2.512 மடங்கு என வகுத்தவர். அவர் தலைமையிலே உடுப்பட்டியல் ஒன்று ஆக்கும் பெரும்பணி தொடங்கிற்று.

அப்பணியின் தன்மையை மாணவர் அறிதல் வேண்டும். அதற்குரிய தொலைநோக்கி வடக்குத் தெற்காக மட்டுமே திரும்பும். உடுவொன்று நடுவரையைக் கடக்குங் கணத்தை மணிக்கூட்டைக் கொண்டு குறித்தல் வேண்டும். அதன் உயரத்தை வட்ட அளவியில் நுண்ணிதாக வாசித்தல் வேண்டும். ஒரே உடுவைப் பல இரவுகளில் மீண்டும் மீண்டும் நோக்கினாலன்றிப் பிழை அகலாது. இவ்வாறு இரகுநாதாச்சாரியார் செய்த அவதானங்கள் ஏறத்தாழ 38,000 என்பர். அவற்றையும் உள்ளடக்கி, 5,000க்கும் மேற்பட்ட உடுக்களின் நிலைகளைக் கூறும் தொகுதிகள் 1887ஆம் ஆண்டு முதல் வெளிவரலாயின. உடுக்கள் அசைவற்றன என்பது வெறுந் தோற்றமே. அவற்றின் மெல்லிய பெயர்ச்சியை அறிய விரும்புவோர் இன்றைய நிலையை முன்னோர் அளந்த நிலையோடு ஒப்பிட்டே அறிதல் கூடும். ஆதலால் பழைய அளவுகள் பயனற்றுப் போவதில்லை; காலஞ்செல்ல அவற்றின் மதிப்பு ஏறுகின்றது.

1867ஆம் ஆண்டு தைத் திங்களில் அவர் பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. தென்வானில் ரெட்டிக்குலம் என்னும் சிறு மண்டலத்திலுள்ள உடுவொன்று ஒளி மாறுவது என அவர் கண்டார். அம்மண்டலத்தில் முதன்முதல் அறியப்பட்ட மாறொளி உடுவாதலின் அது ஆர் ரெட்டிக்குலி எனப் பெயர் பெற்றது. ஏறக்குறைய 278 நாட்களுக்கு ஒரு முறை அது பெருகித் தேய்கின்றது. உச்ச நிலையிலும் அது வெறுங்கண்ணுக்கு எட்டுவதரிது. இங்கிலாந்திலிருப்போருக்கு அது ஒருபோதும் அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. சென்னையிலோ பதினான்கு பாகையளவே உயரும். நம் மாவட்டத்து இறக்கக்கண்டிக் கடற்கரையிலிருந்து நோக்குவோர்க்குப் பதினெட்டுப் பாகை உயரத்தில் தோன்றும். தைமாத முன்னிரவில் அகத்திய மீனுக்குத் தென்மேற்கே தேடின், நல்ல தொலைநோக்கியுடையோர் அதனைக் காணலாம்.

1872ஆம் ஆண்டில் இலண்டன் இராச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. இந்தியர் ஒருவர் இச்சிறப்பைப் பெற்றது அதுவே முதன்முறை என்பர்.

எனினும் அவர் உழைப்பு ஆய்வுக்கூடத்தோடு அமையவில்லை. வாக்கிய முறையிற் கணித்த பஞ்சாங்கங்கள் வானத்திற் கண்ட நிலையோடு பொருந்தாமை கண்டு, திருக்கணித முறையிற் பஞ்சாங்கம் வெளியிட்டார். 'திருக்' என்பது வடமொழியிற் கண்ணையும் காட்சியையும் குறிக்கும் சொல்லாகும். கணக்குக் காட்சிக்கு அடங்க வேண்டுமேயன்றிக் காட்சி கணக்குக்கு அடங்குதல் கூடாது என்பது அவர் கொள்கை. மரபைப் போற்றியோர் எதிர்த்தனர். ஈழத்திலும் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குதலையும், அதனாற் சிலபோது விரதநாட்கள் வேறுபடுதலையும் நாம் அறிவோம். வாக்கிய பஞ்சாங்கத்தால் அறியப்பட்ட கொக்குவில் இரகுநாதையர் வேறு, இவர் வேறு என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

1868ஆம் ஆண்டின் முழுச் சூரிய கிரகணத்தை அவர் ஐதராபாத் இராச்சியத்து வனபர்த்தியிற் சென்று அவதானித்தார். மூன்றாண்டின் பின், 1871 டிசம்பர் 12ஆந் திகதி, மற்றொரு முழுக் கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் விழுந்தது. அன்று மோசிலி என்னும் ஆங்கில அறிஞர் திருகோணமலையிலிருந்து சூரிய ஒளியைப் பகுத்து ஆராய்ந்தார். ஆய்வு நம் வாயிலுக்கே வந்த நாள் அது. ஆயினும் அதனைத் தமிழில் விளக்குவார் ஈங்கு எத்துணைப் பேர் இருந்திருப்பர்? இக்குறையையே இரகுநாதாச்சாரியார் உணர்ந்தார் போலும். 1874 டிசம்பர் 9ஆந் திகதி வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தபோது, அதனை விளக்கும் சிறுநூலை ஆங்கிலத்திலும் கன்னடம், உருது முதலிய நாட்டு மொழிகளிலும் வெளிவரச் செய்தார். கற்றோர் மாத்திரமன்றிப் பஞ்சாங்கம் பார்ப்போரும் உண்மையறிதல் வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

1880ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் அவர் காலமானார். ஒரு புதிய மாறொளி உடு அவருக்குப் பெயரளித்தது; ஆயிரமாயிரம் இரவுகளின் பொறுமை அறிவியலுக்குப் பயனளித்தது. முன்னோர் கணக்கை இகழாது கற்று, அதனைத் தம் கண்ணாற் சோதித்து, வேறுபட்டவிடத்துத் துணிந்து திருத்திய அப்பண்பே அவர் விட்டுச்சென்ற செல்வம். அது வானியல் கற்பார்க்கு மட்டும் உரியதன்று. வரலாறோ இலக்கணமோ மருத்துவமோ எதனைக் கற்கும் மாணவர்க்கும் உரியதாம்.