எக்ஸ்ரேக்கு முன்பே ஒரு நோயறிதல்

மணிக்கட்டில் எலும்பு புடைத்து நின்றால் "எங்கேயோ விழுந்திருப்பே" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். விழாதவர்களுக்கும் அப்படி ஆவதுண்டு!

1878-ல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஓட்டோ மாடெலுங் இந்தக் குறைபாட்டை விரிவாக விளக்கினார். பிரான்சில் டுப்யூட்ரன் இதை முன்பே குறிப்பிட்டிருந்தும், பெயர் நிலைத்தது மாடெலுங்குக்குத்தான். ரோன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தது 1895-ல். அதற்கு 17 வருடம் முன்பு மாடெலுங் நம்பியது கண்ணையும் விரல்களையும்தான்.

முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கத்து எலும்பின் நுனியில் ஒரு பகுதி மட்டும் வளர்ச்சி குன்றுவதால் அது வளைகிறது. சுண்டுவிரல் பக்கத்து எலும்போ வளர்ந்துகொண்டே போய்ப் புறங்கைப் பக்கம் துருத்துகிறது. வளரும் வயதுப் பெண்பிள்ளைகளிடம்தான் இது அதிகம். சிலருக்குக் காரணமாக இருக்கும் ஷாக்ஸ் மரபணு 1997-ல் தெரியவந்தது.

எக்ஸ்ரே இல்லாத சிற்றூர் மருத்துவமனையில் இன்றும் அந்தப் பழைய வழி உதவும். அடிபட்டதா? இரண்டு கையிலும் இருக்கிறதா? உள்ளங்கையை மேலும் கீழும் திருப்ப முடிகிறதா? அம்மாவுக்கும் இப்படியா? சந்தேகம் வந்தால் படமெடுக்கப் பெரிய ஊருக்கு அனுப்பலாம்.

கேள்விக்குக் காசு கிடையாது. கேட்காமல் விட்டால், முறியாத எலும்புக்குக் கட்டுப் போடுவார்கள்!