செங்கலடிச் சாலையும் செகசிற்பியாரும்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று வளைந்து வளைந்து இறங்குகிற சாலை, கடைசியில் மட்டக்களப்புச் சீமையில் செங்கலடியில் போய் முடிகிறது. மேல் முனையில் தேயிலை, கீழ் முனையில் நெல் வயல். அந்தக் கீழ்ச் சீமையின் காரைதீவில் 1892இல் மயில்வாகனன் என்றொரு பிள்ளை பிறந்தது. பின்னாளில் சுவாமி விபுலாநந்தர். மேல் முனையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களின் கதையில் அவருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் 1916இல் தேறியவர் அவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் கையில் இருந்தது. தொல்காப்பியமும் பௌதிகமும் ஒரே தலைக்குள்! 1924இல் துறவு பூண்டார். இரண்டு வருடம் கழித்து வந்தது 'மதங்க சூளாமணி'. சிலப்பதிகார உரையில் சிதறிக் கிடந்த நாடக இலக்கணத்தைத் திரட்டி முதலில் வைத்தார். அடுத்ததாக ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டுவந்தார். அந்த ஆங்கிலேயருக்கு அவர் சூட்டிய பெயர் 'செகசிற்பியார்'. இதை வெறும் சொல் விளையாட்டாக நான் பார்க்கவில்லை. அழுகையும் அச்சமும் பெருமிதமும் எந்த ஊர் மனிதனுக்கும் ஒன்றுதான், நம் மெய்ப்பாட்டு இலக்கணத்தால் அவனையும் அளக்கலாம் என்ற துணிச்சல் அந்தப் பெயரில் இருக்கிறது.

அதே காலத்தில் சாலையின் மேல் முனையில் என்ன நடந்தது? 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தோட்ட நிர்வாகமே தாய்மொழியில் படிப்புத் தர வேண்டும் என்றது. பத்து வயதோடு கதை முடிந்தது. அதற்குப் பிறகு மலையில் வேலைதான். ஒரே வாத்தியார், ஒரே கூடம், ஐந்து வகுப்பு. கூடமும் இல்லாத இடத்தில் கொழுந்து மடுவமோ லயத்துக் காம்பராவோதான் பள்ளிக்கூடம். நீதி வாக்கியங்களைக் கூட்டாக ஒப்பிக்க வைப்பார்கள். படித்த பிள்ளை மலைக்கு வராது என்று பயந்த துரைமாருக்குப் பணிவு என்ற ஓர் அறம் போதுமாக இருந்தது.

ஆனால் மனித இயல்பைப் பற்றிய பாடம் அந்தத் தோட்டத்தில் வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. மாசி பிறந்தால் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள். விடியற்காலையில் வேலைக்கான பிரட்டுக்கு ஆள் எழுப்புகிற அதே தப்புதான் இரவில் கூத்துக்கும் அடிக்கும். பகலில் கவ்வாத்து வெட்டிய ஆள் முகத்தில் அரிதாரம் பூசி ரதியாக நிற்பார். ஓலை வருகிறது, சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் போக வேண்டும். போகாதே என்று ரதி மறிக்கிறாள். போனால் சாம்பல் என்று அவனுக்கும் தெரியும். மேலிடத்து உத்தரவு, போயே ஆக வேண்டும். லயத்து வாசலில் குந்தியிருக்கிற கிழவிக்கு இதற்கு உரையாசிரியர் தேவையா? கடல் தாண்டி வந்த குடும்பத்தில் போகாதே என்று சொன்னவளும், போயே தீர வேண்டியிருந்தவனும் இல்லாமலா இருப்பார்கள்? காமன் எரிந்ததும் எழுகிற ஒப்பாரியில் நடிப்பு எது, நிஜம் எது என்று பிரிப்பது கஷ்டம்.

பண்டிதர் ஏட்டில் தேடிய மெய்ப்பாட்டை அதிகம் படிக்காத சனம் உடம்பில் வைத்திருந்தது. மதங்க சூளாமணியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கூத்துதான் கண்ணில் வரும். அந்த நூல் இந்த லயங்களுக்கு வந்து சேரவில்லையே என்ற ஆற்றாமையும் கூடவே வரும்.

சுவாமியை ஏட்டோடு நின்றவர் என்று சொல்லவும் முடியாது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர், பக்கத்துத் திருவேட்களத்தின் சேரிப் பிள்ளைகளுக்குப் போய்ப் பாடம் சொன்னார். அறத்தை ஒப்பிக்கச் சொல்வதற்கும், அறத்தோடு ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காருவதற்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரிந்திருந்தது. பதுளைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படிப் பக்கத்தில் உட்கார அரசாங்கத்துக்கு வெகு காலம் பிடித்தது. 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்டத்தின் கையிலேயே கிடந்தன. 1947 ஜூனில் 'யாழ் நூல்' அரங்கேறியது. ஜூலை 19இல் சுவாமி காலமானார். மறு வருடம் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளை நாடற்றவர்கள் ஆக்கியது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான்.

பசறையிலோ நமுனுகலையிலோ அப்புத்தளையிலோ இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காமன் கூத்துப் பாட்டு எழுதிய தாத்தாவின் பழைய கொப்பி வீட்டுப் பெட்டியில் இருந்தால், கரையான் அரிக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.