ஏவி. மெய்யப்பச் செட்டியார்

ஏவி. மெய்யப்பச் செட்டியார் (28 ஜூலை 1907 – 12 ஆகஸ்ட் 1979) காரைக்குடி நகரத்தார் குடும்பத்தில் பிறந்த வணிகர், சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர், ஏவி.எம். புரொடக்‌ஷன்ஸின் நிறுவனர். தமிழ்நாடு அவரைப் படமுதலாளியாகவே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவர் தொழில் கற்றது பாட்டு விற்ற கடையில். எந்தக் குரலை மக்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று முதலில் அங்கேதான் தெரிந்துகொண்டார். பிற்காலத்தில் அவர் எடுத்த பெரிய முடிவுகள் பலவற்றில் அந்தப் பழக்கம் தெரிகிறது. தகப்பனார் கடையில் தொடங்கிய அந்த வாழ்க்கை பிள்ளைகளின் கையில் போய்ச் சேர்ந்தது. ஆகவே அவருடைய தொழிலையும் குடும்பத்தையும் தனித்தனியாக எழுதுவது கடினம்.

காரைக்குடிக் கடை

தந்தை ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் ஏவி அண்ட் சன்ஸ் என்ற பல்பொருள் கடையை நடத்தினார். மற்றச் சாமான்களோடு கிராமபோன் பிளேட்டுகளும் அங்கே விற்பனைக்கு இருந்தன. மெய்யப்பன் இளவயதிலேயே அந்தக் கடையில் அமர்ந்தார். வானொலி வீட்டுக்கு வராத காலம் அது. அரக்கால் செய்த, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலாகத்தான் பாட்டு அடங்கும். கச்சேரி மேடையில் அரை மணி நேரம் விரியும் கீர்த்தனையை வித்துவான்கள் அந்த அளவுக்குள் சுருக்கிப் பாட வேண்டியிருந்தது. நாடகப் பாட்டுக்குத் தனி மவுசு. முழு நாடகத்தையே பல தட்டுகளில் பதிந்து தொகுப்பாக விற்பதும் நடந்தது.

பிறர் பதிந்ததை வாங்கி விற்பதைவிடத் தானே பதிந்து விற்றால் என்ன என்ற எண்ணம் அவருக்கு இந்தக் கடையில்தான் வந்தது. 1930களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, கே.எஸ். நாராயண அய்யங்கார், சுப்பையா செட்டியார் முதலிய நண்பர்களோடு சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஜெர்மனியில் பிறந்த ஓடியன் முத்திரையில் அவர்களுடைய தட்டுகள் வெளிவந்தன. இரண்டு பக்கமும் பாட்டுள்ள தட்டை 1904இல் உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் ஓடியன். 1931இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து இ.எம்.ஐ. உருவானபோது ஓடியனும் அந்தக் குடையின்கீழ் வந்தது. பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் ஆண்ட தொழிலில், எந்தப் பாடகரை அழைப்பது, எந்தப் பாட்டைப் பதிவது என்ற முடிவு சென்னையில் ஒரு தமிழ் வணிகக் கூட்டணியின் கைக்கு வந்ததை நான் சாதாரண நிகழ்வாகக் கருதவில்லை.

பாட்டிலிருந்து படத்துக்கு

பேசும்படம் வந்ததும் இசைத்தட்டுக்காரர்கள் பலர் அந்தப் பக்கம் திரும்பினார்கள். படம் ஓடினால் தட்டும் விற்கும். மெய்யப்பனின் முதல் முயற்சிகளான ‘அல்லி அர்ஜுனா’, ‘ரத்னாவளி’ இரண்டும் 1935இல் வந்து கையைக் கடித்தன. 1938இல் வந்த ‘நந்தகுமார்’ நிலைமையை மாற்றியது. சிறுவன் டி.ஆர். மகாலிங்கம் கிருஷ்ணனாக அறிமுகமானது அதில்தான். படத்தில் நடித்த ஒரு பெண்ணுக்குக் குரல் சரியாக அமையாததால் லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாடவைத்துச் சேர்த்தார்கள். தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக இது குறிப்பிடப்படுகிறது. நடிப்பவரே பாட வேண்டும் என்று எல்லாரும் நம்பிய நேரத்தில், முகம் ஒருவருடையதாகவும் குரல் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம் என்று துணிந்ததற்கு அவருடைய இசைத்தட்டு அனுபவமே காரணம் என்பது என் கணிப்பு. தட்டு வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து வாங்குவதில்லை.

‘சபாபதி’ (1941) காலத்துப் படங்களில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாத்தியக் குழுவே இசையமைத்தது. அந்தக் குழுவோடு வளர்ந்த ஆர். சுதர்சனம் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் ஏவி.எம். படங்களின் இசையமைப்பாளராக இருந்தார். கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’வுக்குத் தமிழ்க் குரல் சேர்த்து 1944இல் வெளியிட்டதும் குரலையும் உருவத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததன் விளைவே. ‘ஸ்ரீவள்ளி’யில் (1945) இதை இன்னும் தெளிவாகக் காணலாம். வள்ளியாக நடித்த ருக்மணி சொந்தக் குரலில் பாடியிருந்தார். படம் முடிந்த பிறகும் செட்டியாருக்குத் திருப்தி வரவில்லை. பாடல்களை மட்டும் பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து உதட்டசைவுக்குப் பொருத்தினார். வேலையும் செலவும் இரட்டிப்பானாலும் படம் பெருவெற்றி கண்டது. அதே 1945இல் ஏவி.எம். என்ற பெயர் பிறந்தது. அப்பாவின் பெயரும் மகனின் பெயரும் சேர்ந்த எழுத்துகள் அவை.

பாரதி பாடல்கள்

போர்க்காலத் தட்டுப்பாட்டால் சென்னையில் ஸ்டுடியோவுக்கு மின்சாரம் கிடைக்காமல் போகவே, அவர் சொந்த ஊரான காரைக்குடிக்கே திரும்பி அங்கே படப்பிடிப்பு நடத்தினார். 1947 பொங்கலுக்கு வந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானது. டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, பாரதியின் பாட்டு கிராமத்துக் கொட்டகை வரைக்கும் போனது.

அந்தப் பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை பாரதி குடும்பத்தாரிடமிருந்து ஜெசிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் போயிருந்தது. அவரிடமிருந்து மெய்யப்பன் அதை விலை கொடுத்து வாங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தபோது அது வழக்கில் வந்து நின்றது. தேசகவியின் பாட்டு ஒரு தனி மனிதரின் உடைமையா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துகளைப் பொதுவுடைமையாக்க முன்வந்தது. தன்னிடம் இருந்த உரிமையை மெய்யப்பன் பணம் பெறாமலே அரசிடம் விட்டுக்கொடுத்தார்.

இந்த நிகழ்வில் அவரை வில்லனாகவோ வள்ளலாகவோ மட்டும் காட்டுவது எளிது. இசைத்தட்டு வணிகருக்கு உரிமைதான் முதல். அதைக் காப்பாற்ற வழக்குக்குப் போனதும் அந்தத் தொழிலின் வழக்கமே. ஊர் கேட்டபோது விட்டுக்கொடுத்ததும் அதே மனிதர்தான். இன்று யார் வேண்டுமானாலும் பாரதியைப் பாடலாம் என்ற நிலைக்கு அவருடைய வழக்கும் ஒரு காரணம், அவருடைய கொடையும் ஒரு காரணம். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வேலூர்த் தொடர்பு

பழைய வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் வேலூர். அந்த ஊர்க்காரரான பி.ஏ. பெருமாள் முதலியார் நேஷனல் பிக்சர்ஸின் உரிமையாளர். வேலூரில் சக்தி நாடக சபா நடத்திய ‘நூர்ஜஹான்’ நாடகத்தில் பெண் வேடமிட்ட, பின்னாளில் சிவாஜி கணேசன் எனப்பட்ட நடிகர் கணேசனைப் பார்த்துவிட்டு, தன் படத்துக்கு இவர்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார். அந்தப் படம் ‘பராசக்தி’. பெருமாளோடு மெய்யப்பனும் அதில் பங்காளி.

சில ஆயிரம் அடிகள் எடுத்த பிறகு, மெலிந்த கணேசனை மாற்றிவிட்டுக் கே.ஆர். ராமசாமியைப் போடலாம் என்பது செட்டியாரின் யோசனை. பெருமாள் அசையவில்லை. 1952 தீபாவளிக்கு, அக்டோபர் 17இல், கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தோடும் சுதர்சனத்தின் இசையோடும் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படம் வெளிவந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் பொதுவாகிவிட்ட பாரதி பாட்டும் அதில் இடம்பெற்றது. கணேசனைப் பற்றிய மெய்யப்பனின் கணிப்பு பிழை. வேலூர்க்காரரின் கண் சரி. ஆயினும் பங்காளியின் பிடிவாதத்துக்கு இடம் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறாமல் இருந்தது மெய்யப்பனின் குணத்தையும் காட்டுகிறது. சிவாஜி கணேசன் பொங்கல் தோறும் வேலூரில் பெருமாள் வீட்டுக்குச் சென்று வணங்கி வந்தார். அவர் முதன்முதலாகக் கேமரா முன் நின்ற இடத்தில் ஏவி.எம். குடும்பத்தார் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

குடும்பமும் நிறுவனமும்

1948இல் ஸ்டுடியோ வடபழனிக்கு வந்தது. பழனியப்பன், முருகன், குமரன், சரவணன், பாலசுப்பிரமணியன் ஆகிய பிள்ளைகள் அங்கே தொழில் பழகினார்கள். சரவணன் 1958இல் சேர்ந்தார். மகன்களின் பெயர்கள் படத்தின் பெயர்ப் பட்டியலில் தயாரிப்பாளர்களாக ஒன்றாக வந்ததை அறுபதுகளின் ரசிகர்கள் நன்கு அறிவார்கள். மெய்யப்பன் தன் மனைவி ராஜேஸ்வரியின் பெயரை வடபழனித் திரையரங்குக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வைத்தார்.

அவர் விரும்பி எடுத்த கதைகளும் வீட்டுக்குள் நடப்பவையே: ‘குலதெய்வம்’ (1956), ‘களத்தூர் கண்ணம்மா’ (1960), ‘அன்னை’ (1962), ‘நானும் ஒரு பெண்’ (1963). பெற்றவளா வளர்த்தவளா, கறுத்த மருமகளுக்கு வீட்டில் என்ன இடம் என்பன போன்ற கேள்விகள் அவை. குழந்தைகளை நம்பி இந்தியில் எடுத்த ‘ஹம் பஞ்சி ஏக் டால் கே’ (1957) பிரதமரின் தங்கப் பதக்கம் பெற்றது. ‘களத்தூர் கண்ணம்மா’வில் ஐந்து வயதுக் கமல்ஹாசன் அறிமுகமானார். இந்தப் படங்களில் சில இன்று நீளமாகவும் கண்ணீர் மிகுந்தும் தோன்றலாம். பாட்டுகள் மட்டும் தளரவில்லை. எனக்கு அவையே அந்தப் படங்களின் உயிர்.

தன் அனுபவங்களை ‘எனது வாழ்க்கை அனுபவங்கள்’ என்ற நூலாக எழுதினார். தோல்விகளையும் அதில் மறைக்கவில்லை.

அவர் மறைவுக்குப் பின் மகன்கள் ‘முரட்டுக்காளை’ (1980), ‘சகலகலா வல்லவன்’ (1982) என்று காலத்தின் போக்கில் போனார்கள். கூட்டுக்குடும்பத்தின் கணக்கு வழக்கைச் சொன்ன விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) தேசிய விருது பெற்றது. 2007இல் ஏ.ஆர். ரகுமான் இசையில் வந்த ‘சிவாஜி’ படத்தைச் சரவணனும் அவர் மகன் எம்.எஸ். குகனும் தயாரித்தார்கள். வடபழனி ஸ்டுடியோ வளாகத்தில் பழைய கேமராக்களும் கார்களும் கொண்ட ஏவி.எம். பாரம்பரிய அருங்காட்சியகம் 2023இல் திறக்கப்பட்டது.