சிதறாமல் சேரும் துளிகள்: ஒரு மாணவனின் கேள்வி



அண்மையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நீர்ச்சுழற்சியைக் கற்பித்தேன். "மேகத்தில் உள்ள சிறுதுளிகள் ஒன்றுசேர்ந்து மழையாகின்றன" என்று முடித்தபோது மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, காற்று அடித்தால் துளிகள் சிதறித்தானே போகும்? எப்படி ஒன்றுசேரும்?" என்றான். எனக்கு விடை தெரியவில்லை. "நேரமாகிவிட்டது, உட்கார்" என்றேன். அச்சொல் அன்றிரவு முழுவதும் என்னை உறுத்தியது. தேடிப் படித்தபோதுதான் அவன் கேள்விக்குப் பின்னால் நெடிய வரலாறு இருப்பதை அறிந்தேன்.

1851இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், நீர்மத்தில் மெல்ல நகரும் சிறு கோளத்தின்மீது ஏற்படும் தடையைக் கணக்கிட்டார். 1883இல் மான்செஸ்டரில் ஓஸ்பர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாயம் விட்டுப் பார்த்தார். மெதுவான ஓட்டத்தில் சாயம் நூல்போல் நேராகச் சென்றது. வேகம் ஒரு வரம்பைக் கடந்ததும் கலைந்து குழாய் முழுவதும் பரவியது. இதுவே கொந்தளிப்பு ஓட்டம். 1941இல் சோவியத் கணித அறிஞர் கொல்மகொரோவ், பெருஞ்சுழல்களின் ஆற்றல் படிப்படியாகச் சிறுசுழல்களைச் சென்றடைவதை விளக்கினார்.

கலக்கினால் எதுவும் சீராகப் பரவும் என்பதே நம் அனுபவம். 1956இல் சாஃப்மன், டர்னர் இருவரும் மேகத்துளிகளின் மோதலைக் கணக்கிட்டபோதும், துளிகள் எங்கும் சீராகப் பரவியிருப்பதாகவே கொண்டனர்.

1987இல் மார்ட்டின் மேக்சி வேறொன்றைக் காட்டினார். நீர்த்துளி காற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அடர்த்தி மிக்கது. பேருந்து வளைவில் திரும்பும்போது நம் உடல் வெளிப்புறம் சாய்வதைப் போல, சுழலோடு வளைய இயலாத துளி வெளியே தள்ளப்படுகிறது. இவ்வாறு தள்ளப்பட்ட துளிகள் சுழல்களுக்கு இடையே உள்ள பகுதிகளில் கூடுகின்றன. 1991இல் ஸ்குவைர்ஸும் ஈட்டனும் கணினிவழி இதனை உறுதிப்படுத்தினர். மிக இலேசான துகள் காற்றோடு போய்விடும். மிகக் கனத்த துகள் சுழலைப் பொருட்படுத்தாது. இடைப்பட்டதே மிகுதியாகத் திரளும். இதனை அளக்கும் எண்ணுக்கு ஸ்டோக்ஸின் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

ஒரு மழைத்துளி உருவாக ஏறத்தாழப் பத்து இலட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். நீராவி படிந்து மட்டுமே துளி அவ்வளவு விரைவில் பெருக்க முடியாது. துளிகள் மோதி இணைய வேண்டும். நெருங்கித் திரண்டால் மோதும் வாய்ப்பு கூடுகிறது. மழை பிறப்பதில் இத்திரட்சியின் பங்கு எவ்வளவு என்பதை அறிவியலார் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனை எழுப்பி, "நேற்று நீ கேட்டது நல்ல கேள்வி, எனக்குத்தான் விடை தெரியவில்லை" என்றேன். பின்னர்ப் பேருந்துக் கதையைச் சொன்னேன். அவன் சற்று யோசித்து, "அப்படியானால் காற்றே துளிகளைச் சேர்த்து வைக்கிறதா, ஐயா?" என்றான். ஒரு பாடவேளையில் நான் சொன்னதை ஒரே வரியில் அவன் சொல்லிவிட்டான்.

உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் இப்படி அமர்த்தப்பட்ட கேள்விகள் இருந்தால், மீண்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.